ப்ஃப்லேகெ என்ற சொல்லும் அப்பாவின் சோத்தாங்கையும்

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, கன்டோன்மென்ட் பக்கம் ஒரு தேவாலயத்தின் பின்னால் இருக்கிற கூடத்தில், பதினோரு நர்ஸுகள் ஒரே நேரத்தில் வாயைக் குவித்து ஊதுவார்கள். வெளியே கடந்து போகிறவர்கள், உள்ளே யாரோ பிறந்தநாள் மெழுகுவர்த்தி அணைக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். உண்மையில் அவர்கள் ஜெர்மன் படிக்கிறார்கள். உதட்டை மூடி 'ப்' சொல்லி, திறக்கிற அந்த நொடியிலேயே 'ஃப்' என்று காற்றை விட வேண்டும். பிறகு மூச்சு வாங்காமல் 'லேகெ'. தோசைக்கல் காய்ந்ததா என்று பார்க்கத் தண்ணீர் தெளிப்பீர்களே, அந்தச் சத்தத்தில் ஆரம்பியுங்கள் என்று சொல்லிக்கொடுப்பேன். ப்ஃப்லேகெ. முன்வரிசைக்காரர்கள் கைக்குட்டையோடு வருவது நல்லது.

அவர்கள் ஜெர்மனிக்குப் போய்ச் செய்யப்போகிற வேலையின் பெயரே அதுதான், பராமரிப்பு. வேலையின் பெயரைச் சொல்லத் தெரியாமல் வேலைக்குப் போகக்கூடாது என்பது என் கட்சி.

நான் நர்ஸ் இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடி ஜெர்மன் இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. சனிக்கிழமை வகுப்பு என் ஆசைக்கு. சொற்கள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. யாராவது ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் கேட்டால் நான்கு பொருள் சொல்லி, அது பிறந்த ஊர், புகுந்த ஊர் எல்லாம் சொல்லித்தான் விடுவேன். கம்பெனியில் என்னிடம் சந்தேகம் கேட்கிறவர்கள் முதலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

ப்ஃப்லேகெ எனக்குப் பழக்கமான சொல். கையேடுகளின் கடைசி அத்தியாயத்தில் தவறாமல் வரும். இயந்திரத்துக்கு எண்ணெய் போடு, தூசி தட்டு, துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள். முகத்துக்குப் பூசும் கிரீம் டப்பாவிலும் அதே சொல் இருக்கும். தோட்டத்துப் புல்லுக்கும், தோல் செருப்புக்கும், படுக்கையில் கிடக்கும் மனிதருக்கும் ஒரே சொல். அதன் வினைச்சொல்லை வைத்து நட்பை வளர்க்கலாம், ஒரு மொழியைச் சீராக வைத்துக்கொள்ளலாம். வேறு வீட்டுப் பிள்ளையை எடுத்து வளர்த்தால் அந்தப் பிள்ளையின் பெயரிலும் இந்தச் சொல் ஒட்டிக்கொள்ளும். அதோடு விட்டதா என்றால் இல்லை. 'அவர் காலை ஐந்து மணிக்கு எழுவது வழக்கம்' என்று சொல்லவும் அதே வினைதான். வழக்கம், ஆசாரம் என்பதற்கு அதிலிருந்தே ஒரு நீளமான பெயர்ச்சொல் இருக்கிறது. கசக்கிப் போட்டாலும் சுருங்காத துணிக்கும், அதிகம் தொந்தரவு தராத ஆளுக்கும் ப்ஃப்லேகெலைஷ்ட் என்பார்கள். என் அப்பாவுக்கு அந்த அடைமொழி எந்தக் காலத்திலும் பொருந்தாது.

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஜெர்மனில் தேடினால் இந்த வினை வேறு முகத்தோடு நிற்கிறது. அன்றைக்கு அதற்கு நோயாளியும் இல்லை, கிரீமும் இல்லை. ஒருவருக்காக, அல்லது ஒன்றுக்காக, முன்னே வந்து நிற்பதுதான் பொருள். 'இதற்கு நான் பொறுப்பு' என்று நாலு பேர் எதிரில் சொல்வது. கடமை என்பதற்கான ஜெர்மன் சொல் அதே வயிற்றில் பிறந்தது. ஆங்கிலத்தின் 'பிளெட்ஜ்', உறுதிமொழி, தூரத்துச் சொந்தம் என்கிறார்கள். விளையாட்டைச் சொல்லும் 'பிளே'கூடப் பங்காளிதான் என்று ஒரு சாரார் சாதிக்கிறார்கள், அகராதிக்காரர்களுக்குள் இன்னும் பஞ்சாயத்து முடியவில்லை. டச்சுக்காரர்களோ அதே வேரை எடுத்துக்கொண்டு போய்க் குற்றம் செய்வதற்கும் வைத்துக்கொண்டார்கள். ஒரே குடும்பத்தில் நல்ல பிள்ளையும் இருக்கும், போலீஸ் தேடுகிற பிள்ளையும் இருக்கும் என்று வகுப்பில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அவளுக்கு இருபத்தொன்பது வயது. வீடு ஸ்ரீராம்புரம். அவளுடைய அம்மா மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்துப் பெண்ணை நர்ஸிங் படிக்க வைத்தவர். வகுப்பில் இலக்கணம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. பேசச் சொன்னால் மட்டும் சிலையாகிவிடுவாள். ஒருமுறை பேச்சுத் தேர்வில் தோற்றிருந்தாள். ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள், வீடியோவில் ஒரு நேர்காணலும் அந்தப் பேச்சுத் தேர்வும் மட்டும் பாக்கி.

"எழுதச் சொன்னா எழுதிடுவேன் மேடம். பேசச் சொன்னா தொண்டைய வந்து புடிச்சிக்குது. நைட் டூட்டி முடிச்சிட்டு அப்படியே உங்க வீட்டுக்கு வந்தா, ஒரு அவர் பேச்சுக் குடுப்பீங்களா?"

"எட்டரைக்கு எங்கப்பாவுக்கு டிபன் குடுக்கற நேரம். கை அங்க இருக்கும், வாய் உங்கிட்ட இருக்கும். பரவால்லயா?"

"எனக்கு என்ன மேடம், நான் பாக்காததா?"

அப்படித்தான் செவ்வாய், வியாழன் காலைகளில் அவள் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள்.

வீட்டில் நானும் அப்பாவும்தான். மாநில அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர், எழுபத்தாறு வயது. பக்கவாதம் வந்து அப்போது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கால் ஒரு கைத்தடியின் தயவில் திரும்பி வந்துவிட்டது. பேச்சும் வந்தது, ஆனால் தந்தி கொடுக்கிற மாதிரி சுருக்கமாக வந்தது. வலது கை வரவில்லை. அதற்கு முன்பெல்லாம் ஞாயிறு காலை, பழைய ஆபீஸ் சிநேகிதர்கள் நாலு பேரோடு தர்ஷினி ஓட்டலுக்குப் போய், எவர்சில்வர் மேசையைச் சுற்றி நின்றபடி இட்லி வடை சாப்பிட்டு, அரசாங்கத்தைத் திட்டிவிட்டு வருவார். அது நின்றுபோனது. அவர்கள் கூப்பிட்டால் 'வயிறு சரியில்ல' என்பார். பதினான்கு மாதமாக ஒரு மனிதருக்கு ஞாயிறுதோறும் வயிறு சரியில்லாமல் போகுமா? ஒருநாள் நான் வற்புறுத்தியபோது, "சோத்தாங்கை போனவன் நாலு பேர் நடுவுல போயி என்ன பண்றது" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. விருந்து, விசேஷம் எல்லாவற்றுக்கும் முழுக்குப் போட்டாயிற்று. என்னைத் தவிர வேறு யார் எதிரிலும் வாயைத் திறந்து ஒரு கவளம் வாங்கமாட்டார். என் கையால் மட்டும்.

அதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் ஊட்டுவதில் கெட்டிக்காரி. சட்டையில் ஒரு சொட்டு சிந்தாது. எந்தக் கவளத்துக்கு எவ்வளவு சட்னி என்று எனக்குத் தெரியும். இரண்டு இட்லி பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், ஒன்பது மணிக் கூட்டத்துக்கு லேப்டாப் முன்னால் இருப்பேன். என் மாதிரி யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அத்தைகள் போனில் சொல்லும்போது மறுத்ததே இல்லை.

அந்தப் பெண் முதல் நாள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தபோது அப்பா வாயை இறுக மூடிக்கொண்டார். அவள் புரிந்துகொண்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஜன்னலைப் பார்த்தபடி ஜெர்மன் பேசினாள். மூன்றாவது வாரம் அப்பாவே, "சிஸ்டர், இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க" என்றார். எழுபத்தாறு வயதுக்காரருக்கு இருபத்தொன்பது வயதுக்காரி சிஸ்டர். ஜெர்மன்காரர்களும் முன்பு நர்ஸைச் சகோதரி என்றுதான் அழைத்தார்கள், இப்போது அந்தப் பதவியின் பெயரிலேயே ப்ஃப்லேகெவைச் சேர்த்துவிட்டார்கள் என்று நான் உடனே ஒரு விளக்கம் சொன்னேன். இருவரும் கேட்டுக்கொண்டார்கள் என்று நம்புகிறேன்.

நேர்காணலில் ஒரு நாடகம் நடத்தச் சொல்வார்கள். முதியோர் இல்லத்துப் பாட்டி சாப்பிடமாட்டேன் என்கிறாள், நீ என்ன செய்வாய் என்று கேட்பார்கள். நான் பாட்டியாக நடித்து, எனக்குப் பசியில்லை, போ என்று ஜெர்மனில் சிடுசிடுத்தேன். அவள் முகம் மலர்ந்து, திக்காமல், அழகான ஜெர்மனில் சொன்னாள்: "அம்மா, என் செல்ல அம்மா, வாயைத் திறங்க. நான் ஊட்டிவிடுகிறேன்."

நான் சிரித்துவிட்டேன். அங்கே போய் இப்படிச் சொன்னால் கதவைக் காட்டிவிடுவார்கள் என்றேன். ஊட்டுவதற்கு அவள் சொன்ன ஜெர்மன் வினை, குழந்தைக்கும் மாட்டுக்கும் உரியது. பெரியவர்கள் விஷயத்தில் அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் அதை உச்சரிக்கவே கூசுவார்கள். ஒரு மனிதரால் இன்னும் எது முடியுமோ அதை அவரே செய்ய வேண்டும், நேராக உட்கார வைப்பது, தட்டை எட்டுகிற இடத்தில் வைப்பது, பொறுமையாகக் காத்திருப்பது, இதுதான் ப்ஃப்லேகெ. செய்துகொடுப்பது சுலபம், செய்யாமல் பக்கத்தில் நிற்பதுதான் கஷ்டம். நான் படித்ததெல்லாம் சேர்த்துப் பெரிய பிரசங்கமே பண்ணினேன். நடுவில் அவள் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டாள்.

"மேடம்... அப்பா."

திரும்பிப் பார்த்தேன். என் கையில் சாம்பாரில் தோய்த்த இட்லித் துண்டு சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமாகக் காத்திருந்தாரோ தெரியவில்லை.

 வியாழக்கிழமை வரும்போது அவள் பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்தாள். அதன் காம்பில் பருத்தித் துணியைத் தடிமனாகச் சுற்றித் தைத்திருந்தாள். "நீங்க சொன்னதுதான் மேடம். புக்லயும் போட்டிருக்கு. நல்லா இருக்கற கைக்கு வேல குடுக்கணும்னு" என்றவள், அந்த ஸ்பூனில் சாம்பார் இட்லியை எடுத்து அப்பாவின் இடது கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

அப்பா கையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "பீச்சாங்கையாலயா? சோறா?" என்றார். ஸ்பூன் பறந்து போய்ச் சுவரில் இருந்த காலண்டரில் விழுந்தது, சாம்பார் ஒரு மாதத் தேதிகள் முழுக்க வழிந்தது. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். எது கழுவுகிற கை, எது உண்கிற கை என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் எந்த வயதிலும் சந்தேகம் இருந்ததில்லை. சின்ன வயதில் நான் இடது கையால் பிஸ்கட் வாங்கினால்கூட அவர் விரலால் தட்டிவிடுவார். அந்த மனிதரை அவர் தட்டின் முன்னாலேயே அவமானப்படுத்திவிட்டோம். அன்று மதியமும் அவர் சாப்பிடவில்லை, இரவும் சாப்பிடவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நீ ஜெர்மன் படிக்க வந்தியா, என் வீட்ட ஆஸ்பத்திரி ஆக்க வந்தியா?" என்று அவளைக் கேட்டேன். அவள் ஸ்பூனை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, "சாரி மேடம்" என்று சொல்லிப் போய்விட்டாள். அடுத்த செவ்வாய் வரவில்லை. சனிக்கிழமை வகுப்பில் பத்து பேர்தான் ஊதினார்கள்.

மறுபடி என் கையே அப்பாவுக்கு ஊட்டியது, ஒரு சொட்டுச் சிந்தாமல். ஆனால் என் பிரசங்கம் எனக்கே காதில் ஒலிக்க ஆரம்பித்துவிட்டது. நான் பெரிய அகராதியை எடுத்து அந்தச் சொல்லுக்கான பக்கத்தை மறுபடி படித்தேன். ஒருவருக்காக முன்னே வந்து நிற்பது. நூறு முறை படித்து, ஐம்பது முறை மற்றவர்களுக்குச் சொன்ன வரி. என் வீட்டில் என் அப்பாவுக்காக அப்படி முன்னே வந்தது அந்தப் பெண். அவளை நான் விரட்டியிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு இன்னும் ஒன்றும் இருந்தது, அதைச் சொல்வது கஷ்டம். அப்பா தானாகச் சாப்பிட ஆரம்பித்துவிட்டால் நான் யார் என்ற பயம் அது.

அவள் வேலை செய்யும் மருத்துவமனைக்கு, பார்வையாளர் நேரத்தில், மன்னிப்புக் கேட்கப் போனேன். அந்த வாரம் அவளுக்குப் பகல் டூட்டி. வார்டு வாசலில் நின்று பார்த்தேன். கட்டில்களைச் சுற்றி வீட்டுக்காரர்கள். நம் ஊர் வார்டுகளில் ஊசியும் மாத்திரையும் சார்ட்டும்தான் நர்ஸுக்கு, ஊட்டுவதும் துடைப்பதும் உடுத்திவிடுவதும் வீட்டுக்காரர்களும் ஆயாக்களும் பார்த்துக்கொள்வார்கள். ஜெர்மனியில் இவை அத்தனையும் சேர்ந்ததுதான் நர்ஸின் வேலை என்று முதல் வகுப்பில் நான் சொன்னபோது பாதிப் பேர் முகம் சுருங்கியது நினைவிருக்கிறது.

வீட்டுக்குப் புறப்படத் தயாராக ஒரு பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் போடப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் நடுங்கின. பொத்தான் துளையைத் தவறவிட்டு நழுவியது. அவர் மனைவி கையை நீட்டினார். கட்டில் பக்கத்தில் நின்ற என் மாணவி அந்த அம்மாளின் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துக்கொண்டாள். "ஸ்வல்ப இரி அம்மா. அவரே ஹாக்கொள்ளலி" என்றாள் கன்னடத்தில். கொஞ்சம் பொறுங்கள், அவரே போட்டுக்கொள்ளட்டும். பிறகு தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கவாட்டில் தெரிந்த முகத்தில் அவசரமே இல்லை. உலகத்தில் அவளுக்கு அந்த ஒரு பொத்தானைத் தவிர வேறு வேலையே கிடையாது போல இருந்தாள். நான் நின்ற இடத்திலிருந்து அவள் முதுகுப்புறமும் தெரிந்தது. அங்கே அவளுடைய பத்து விரல்களும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. நீட்டிவிடத் துடிக்கிற விரல்களை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்து வைத்திருந்தாள். அந்தப் பக்கம் மூன்று கட்டில்களில் மணி அடித்துக்கொண்டிருக்க, ஒரு பொத்தானுக்காக அவ்வளவு பாடு. நான் சந்தித்த பெரிய படிப்பாளிகள் யாரைப் பார்த்தும் எனக்கு அந்த மரியாதை வந்ததில்லை. பொத்தான் துளைக்குள் போனது. பெரியவர் அடுத்ததற்குப் போனார்.

நான் மன்னிப்புக் கேட்டபோது அவள் என்னை முடிக்க விடவில்லை.

"தப்பு என்னுது மேடம். பீச்சாங்கைல சாப்புடுங்கன்னு எங்கப்பாகிட்ட சொன்னா, தட்டோட என் மேல வீசுவாரு. எனக்குத் தெரியாததா? ஜெர்மன்ல படிச்ச உடனே மறந்துட்டேன் பாருங்க." என்னை வராந்தாவுக்கு நகர்த்திக்கொண்டு வந்து, "ஆனா மேடம், அப்பாவோட சோத்தாங்கைல கட்டவெரலும் ஆள்காட்டி வெரலும் வேல செய்யுது. நீங்க பாத்ததில்ல?" என்றாள்.

"எங்க?"

"பேப்பர் படிக்கும்போது அந்த ஓரத்த உருட்டிட்டே இருக்காரே. சாப்புடும்போது நீங்க குடுத்துடறீங்க, அதுக்கு வேலையே இல்ல."

நாள் முழுக்க அப்பா எதிரில் உட்கார்ந்திருப்பவள் நான். ஒருநாளும் பார்க்கவில்லை. ஃபிசியோ பந்து கொடுத்திருக்கிறார், தினம் அமுக்கச் சொல்லித்தான் இருக்கிறேன் என்று சமாளித்தேன்.

"பந்த எதுக்கு மேடம் அமுக்குவாரு? பந்துல சாம்பார் இருக்கா?"

ஃபிசியோவிடம் கேட்டோம். தாராளமாகச் செய்யுங்கள் என்றார். செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். ஸ்பூன் கிடையாது. விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்று, அது நழுவாமலிருக்க அடியில் ஈரத்துணி, முழங்கையைத் தாங்க மடித்த துண்டு. இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிட்டு வைத்தாள். அப்பாவின் வலது மணிக்கட்டுக்குக் கீழே தன் உள்ளங்கையைக் கொடுத்து, "அப்பா, நீங்க புடிங்க. தூக்கறது நாம ரெண்டு பேரும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "மேடம், நீங்க கைய பின்னாடி கட்டிக்கோங்க" என்றாள். பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டிருந்ததற்காகத் தண்டனை வாங்கியது போல நான் கட்டிக்கொண்டேன்.

முதல் நாள் மூன்று துண்டுகள் வாய்க்குப் போயின, மற்றவை சட்டைக்கும் மடிக்கும் தரைக்கும் போயின. அரசு அலுவலகத்தில் கற்ற கன்னட வசவுகளையெல்லாம் அப்பா அந்தக் கையின் மேல் பிரயோகித்தார். சிந்தியதைத் துடைக்க நான் எழும்போதெல்லாம் அவள் கண்ணாலேயே உட்கார வைத்தாள். எனக்குப் பின்னால் என் விரல்கள் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். ஒன்பது மணிக் கூட்டத்துக்குத் தாமதமாகப் போனேன். அப்பாவுக்கு டிபன் என்றேன். இவ்வளவு நேரமா என்றார் மேலாளர். ஆமாம், இவ்வளவு நேரம்தான் என்றேன்.

வாரங்கள் போகப் போக அவளுடைய கை கீழே இறங்கிக்கொண்டே வந்தது. மணிக்கட்டிலிருந்து முன்கைக்கு, அங்கிருந்து முழங்கைக்கு. எந்த நாளில் எவ்வளவு இறங்கினாள் என்று அப்பாவுக்குத் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியாது. ஜெர்மன் பாடமும் அதோடு நடந்தது. அந்தக் கை செய்வதையெல்லாம் அவள் ஜெர்மனில் சொல்ல வேண்டும் என்பது என் நிபந்தனை. இப்போது பிடிக்கிறார், இப்போது தூக்குகிறார், நிதானம், நிதானம், விழுந்துவிட்டது, இன்னொரு முறை. கண் முழுக்க அப்பாவின் விரலில் இருந்ததால் தொண்டையைப் பற்றி அவளுக்கு ஞாபகமே வரவில்லை. ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசினாள். அப்பாவுக்கும் ஒட்டிக்கொண்டது. துண்டு விழும்போதெல்லாம், அவளுக்கு முன்னால் அவரே, "நோஹ்மால்" என்பார், இன்னொரு முறை என்று, ஒரு கண்காணிப்பாளர் கோப்பைத் திருப்பி அனுப்புகிற குரலில்.

நேர்காணலை எங்கள் சாப்பாட்டு மேசையிலிருந்துதான் கொடுத்தாள். நான் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டுக்கேட்டேன். பாட்டிக்குப் பதிலாக ஒரு தாத்தா வந்தார், அவர் சாப்பிட மறுக்கிறார். நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். அவள் சொன்ன பதிலை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததுமில்லை. இவர் வாழ்நாள் முழுக்க எந்தக் கையால், எப்படி, யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் என்று முதலில் அவரிடமே கேட்பேன், அவரால் சொல்ல முடியாவிட்டால் வீட்டுக்காரர்களிடம் கேட்பேன், அதற்குப் பிறகுதான் தட்டை வைப்பேன் என்றாள்.  அந்தப் பக்கம் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. வேலை கிடைத்தது. நான் அழுதேன், அவள் அழவில்லை. "பேச்சுப் பரீட்ச இன்னும் பாக்கி இருக்கு மேடம்" என்றாள். அதிலும் தேறினாள்.

போன செவ்வாய், விசா காகிதங்களுக்காக அலைய வேண்டியிருந்ததால் அவள் வரவில்லை. தட்டு, ஈரத்துணி, துண்டு எல்லாம் நானே வைத்தேன். இட்லியை நான் பிட்டு வைக்கப் போனபோது அப்பா தலையை அசைத்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக அவரே இட்லியின் ஓரத்தைக் கிள்ளினார். சாம்பாரில் தோய்த்தார். முழங்கை நடுங்கியது. பாதி வழியில் ஒருமுறை நின்றது. வாய்க்குப் போனது. அடுத்தது சிந்தியது. அதற்கடுத்தது போனது. சட்டையெல்லாம் மஞ்சள். முதல் இட்லி முடிந்து இரண்டாவதைக் கிள்ளும்போது அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பதினேழு மாதமாக அவர் சாப்பிடும்போது என் கையைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்த்ததில்லை.

"எவ்ளோ நேரம் என் வாயையே பாத்துட்டு உக்காந்திருப்ப?" என்றார். "உன் தட்ட எடுத்துட்டு வா."

நான் எப்போது சாப்பிடுகிறேன் என்று இத்தனை மாதத்தில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. அவரை முடித்து, கூட்டங்களையும் முடித்து, பதினொரு மணிக்கு மேல் சமையலறையில் நின்றபடி, மிச்சம் இருந்ததை விழுங்குவதுதான் என் டிபன். போய்த் தட்டை எடுத்து வந்தேன். அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். எவ்வளவு அடக்கியும் கண்ணில் நீர் வந்துவிட்டது, அவர் அதைப் பார்த்தும் பார்க்காதது போல, சட்னிக் கிண்ணத்தை விரல் முட்டியால் என் பக்கம் தள்ளினார். நான் என் கையால் பிட்டு வாயில் வைத்தேன். இட்லி இன்னும் சூடாக இருந்தது.